ரொட்டி லாரி

பல்செட்டுக்காரன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் முப்பத்தாறு போர் விமானங்களும் பதினொரு டாங்கிகளும் நிற்கின்றன. இத்தனை ஆயுதம் இருந்தும் அந்த வீட்டில் சண்டை என்று வந்ததெல்லாம் டி.வி. ரிமோட்டுக்காகத்தான். ரொட்டி லாரி வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

தொழில் அவனுக்குப் பல்செட் செய்வது. மூன்று டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். யாரென்றே தெரியாத வாய்களுக்கு அவன் தன் சின்ன லேபில் உட்கார்ந்து பல் வைப்பான். பிளாஸ்டிக் மாடல் கட்டுவதற்கும் அதே மெழுகுக் கத்திதான், அதே மெல்லிய பிரஷ்தான், அதே கண்வலிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு மேஜை விளக்கைப் போட்டானென்றால், பழைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து இறக்கையை வெட்டி, பிசிறைத் தேய்த்து, பசை வைத்து, ஊதி ஊதி ஆற வைப்பான்.

"பகல்ல ஊரான் பல்லு. சாயங்காலம் ஊரான் சண்டை. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறத எப்பப் பார்க்கறதா உத்தேசம்?" என்பாள் மனைவி. அவள் மின்வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். ஊர்ப் புகாரையெல்லாம் காதில் வாங்கி வருகிறவள், தன் புகாரை யார் காதிலாவது போட வேண்டாமா?

"வாஷர் வாங்கணும்."

"ஆமா, அதுக்கும் அறுபது வருஷத்துக்கு முந்தின போட்டோ தேடி எடுத்துட்டு வாங்க."

அவளுடைய அப்பாவுக்கு அடுத்த மாதம் எழுபது வயது. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். போர்க்காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். போரைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ரொட்டி கொண்டு போனேன். போகும்போது ரொட்டி, வரும்போது காலித் தட்டு." அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு. கிளட்ச் எங்கே பிடிக்கும், எந்த மேட்டில் எஞ்சின் திணறும், குளிரில் எத்தனை தடவை கைப்பிடி சுற்ற வேண்டும் என்று ஆரம்பித்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்தபடியே ஒரு மணி நேரம் பேசுவார். மனைவி நாலாம் வகுப்பில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள். 'எல்லோருடைய அப்பாவும் போரில் சுட்டார்கள். என் அப்பா போரில் சோறு போட்டார்.' அந்தக் காகிதம் இன்னும் அவள் பீரோவில் இருக்கிறது.

பிறந்த நாளுக்கு அந்த லாரியையே செய்து கொடுத்தால் என்ன? யோசனை பல்செட்டுக்காரனுடையது. மனைவி அப்படியே பூரித்துப் போனாள். மாமியார் விட்டுப்போன பழைய ஆல்பத்திலிருந்து அவளே ஒரு படத்தைப் பிரித்துக்கொண்டு வந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். ஏதோ ஒரு சோதனைச் சாவடி. படுதா போட்ட லாரி. முன் பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார் இளம் மாமனார். கதவில் யாரோ கையால் வரைந்த சேவல். இடது பக்க விளக்கு உடைந்து, கண்ணாடிச் சில்லு ஒன்று தொங்குகிறது.

மாடல் கட்டுகிற ஆட்களுக்கு ஒரு நோய் உண்டு. 'ஒரு லாரி' செய்ய மாட்டார்கள். 'அந்த லாரி'யைத்தான் செய்வார்கள். அந்த நாளில், அந்த உடைசலோடு, அந்தச் சேற்றோடு. பாகங்கள் அடங்கிய கிட் எங்கோ ஒரு தொழிற்சாலையில் பொதுவாக அச்சடித்து வருகிறது. அதைக் குறிப்பிட்ட ஒரு வண்டியாக மாற்றுவதில்தான் மொத்தப் போதையும். முன்பக்கம் படத்தில் இருக்கிறது. பின்பக்கத்துக்கு எங்கே போவது?

மாடல்காரர்களுக்கு அலைபேசியில் ஒரு குழு உண்டு. இருநூற்றுச் சொச்சம் பேர். அவன் படத்தில் மாமனாரை வெட்டி எடுத்துவிட்டு, லாரியை மட்டும் அதில் போட்டான். பிறந்த நாள் ரகசியம் கெட்டுவிடக் கூடாதே. பம்பரின் மேல் இருந்த கால் மட்டும் முழங்கால் வரை மிஞ்சிவிட்டது. அதையும் வெட்டினால் நம்பர் பலகை போய்விடும். 'இந்த லாரியைச் செய்கிறேன். பின்பக்கப் படம் யாரிடமாவது உண்டா?' என்று கேட்டிருந்தான்.

பின்பக்கப் படம் வரவில்லை. பச்சை நிறம் பற்றிச் சண்டை வந்தது. அந்தப் படைப்பிரிவின் பச்சை மஞ்சள் கலந்ததா, சாம்பல் கலந்ததா? இரண்டு நாள் நடந்தது. ஒருவர் இனி இந்தக் குழுவின் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று விலகிப் போய், மறுநாள் காலை வேறு ஆதாரத்தோடு திரும்பி வந்தார்.

மூன்றாம் நாள் ஒரு புதிய பெயரிலிருந்து செய்தி வந்தது. பெயரின் இடத்தில் 'ஏழாம் தெரு' என்று இருந்தது.

'சேவலுக்கு வால்ல மூணு இறகுதான். சிவப்பு. கொண்டை வரையல.'

சேவலின் வால் படத்தில் நிழலுக்குள் இருந்தது. அவன் படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சம் கூட்டிப் பார்த்தான். மூன்று கோடுகள். கொண்டையும் இல்லை! பல்செட்டுக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. தனியாகச் செய்தி அனுப்பிக் கேள்விகளை அடுக்கினான். பின் கதவுச் சங்கிலி எந்த மாதிரி? படி இருந்ததா? படுதா என்ன நிறம்?

பதில்கள் சாவகாசமாக வந்தன. ஒரு வரி, இரண்டு வரி. நடுவில் அரை நாள் இடைவெளி.

'சங்கிலி ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் கம்பி போட்டு முறுக்கியிருந்தது.'

'படி இல்ல. தூக்கித்தான் ஏத்தணும்.'

'படுதா பின்னாடி கிழிஞ்சு தைச்சிருந்தது. வெள்ளை நூல்.'

'எந்தப் பக்கம்?' என்று கேட்டான்.

'உள்ள இருந்து பார்த்தா வலது பக்கம்.'

உள்ளே வலது என்றால் பின்னால் நின்று பார்க்க இடது. அவன் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டான். அடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அவன் கேட்டது நூலின் தடிமனை.

மெல்லிய காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்துப் படுதா செய்தான். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து, முடியை விட மெல்லிய இழை எடுத்து, வெள்ளை பூசி, விரல்நகம் அளவு இடத்தில் ஏழு தையல் போட்டான்.

"என் கைப்பை பிடி பிஞ்சு மூணு மாசம் ஆகுது. பொம்மை லாரிக்குத் தையல் போடுறாரு மனுஷன்," என்றாள் மனைவி. ஆனாலும் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா இதப் பார்த்தா அழுதுடுவாரு," என்றாள்.

உடைந்த விளக்குதான் பாக்கி. அது என்றைக்கு உடைந்தது என்று தெரிந்தால் படம் எடுத்த நாளையே சொல்லிவிடலாம். சேதத்தை வைத்துத் தேதி கண்டுபிடிப்பது இவர்களுக்கெல்லாம் கைவந்த கலை. கேட்டான்.

இந்தத் தடவை பதில் வர ஒரு நாள் ஆனது.

'அன்னைக்குக் காலையிலதான். கல்லை விட்டது எங்க அண்ணன். அவனுக்குப் பதிமூணு வயசு.'

'அருமையான தகவல்! மிக்க நன்றி!' என்று அனுப்பிவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டான் பல்செட்டுக்காரன். போட்ட கையோடு, தான் செய்த லாரியின் படத்தையும் சேர்த்துக் குழுவிலும் அறிவித்தான்: படம் எடுத்தது விளக்கு உடைந்த அதே நாள். சில்லு இன்னும் தொங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மதியம் லேபில் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. 'ரிவெட்' அண்ணன். ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விமான மாடலின் இறக்கையில் ஆணித் தலைகளை எண்ணி, இரண்டு குறைகிறது என்று சொல்லக்கூடிய ஆசாமி.

"தம்பி, வண்டியத் தப்பா நிறுத்தியிருக்கே."

"எங்கண்ணே தப்பு?"

"பின்னாடி பட்டை ஸ்பிரிங்கப் பாரு. காலி வண்டின்னா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கணும். படத்துல நேரா நிக்குது. டயரும் பிதுங்கியிருக்கு. பாரம் ஏத்தின வண்டிப்பா அது. நீ காலி வண்டி மாதிரி நெஞ்ச நிமித்தி நிறுத்தியிருக்கே. நடுவருங்க பாயின்ட்டக் கிழிச்சுடுவாங்க."

"ரொட்டிதான்ணே ஏத்துவாங்க அதுல."

ரிவெட் அண்ணன் சிரித்தார். "ரொட்டியா? கூரை முட்ட அடுக்கினாலும் அந்த ஸ்பிரிங் அசையாது. பாதி காத்துதானே அது. ஒரு டன்னுக்கு மேல உள்ள இருக்கு. மாவு மூட்டையா இருக்கும். இல்லேன்னா ஆளுங்களா இருக்கும். எதுவா இருந்தா உனக்கென்ன, பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி ஒட்டு. சனிக்கிழமை கண்காட்சிக்குக் கொண்டு வர்றேல்ல?"

போனை வைத்த பிறகும் அவன் அந்தக் கீழ்த்தாடையைக் கையிலேயே வைத்திருந்தான். படி இல்லை, தூக்கித்தான் ஏற்ற வேண்டும். உள்ளே இருந்து பார்த்தால் வலது பக்கம். இத்தனை நாளும் இந்த வரிகளை அவன் அளவெடுத்துக்கொண்டிருந்தான், படிக்கவே இல்லை. மெழுகில் பதித்த பல் ஒன்று கழன்று விழுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. அவன் தேடவில்லை.

அப்போது ஏழாம் தெருவிலிருந்து செய்தி வந்தது.

'படத்துல ஒரு கால் தெரியுது. அது யாரோட கால்?'

சாயங்காலம் வரை போனைக் கவிழ்த்தே வைத்திருந்தான். வீட்டுக்கு வந்தவன், பழக்கதோஷம், மேஜை விளக்கைப் போட்டான். லாரியைத் திருப்பி, பின் அச்சை அறுத்து, ஸ்பிரிங்கை நேராக்கி, பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறங்கும்படி ஒட்டினான். தப்பு என்று தெரிந்த பிறகு அப்படியே விட்டு அவனுக்குப் பழக்கமில்லை. ஒட்டி நிறுத்தியதும் லாரிக்குள் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் மாமனார் வந்தார். வீட்டு பல்ப் போய்விட்டதாம். மகள் ஆபீசிலிருந்து வாங்கி வைத்திருந்த புதிய பல்பை எடுத்துப்போக வந்தார். பல்செட்டுக்காரனுக்கு லேசான காய்ச்சல், வீட்டில் இருந்தான். அவன் பல்பைத் தேடி எடுத்து வருவதற்குள் மாமனார் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அடேயப்பா!" என்றார். "என் வண்டி! மாப்பிள்ள, இது என் வண்டியேதான்! இந்த ஸ்டியரிங் இருக்கே, இடது பக்கம் கால் சுத்து சும்மா சுத்தும், அதுக்கப்புறம்தான் பிடிக்கும். சேவல்கூடப் போட்டிருக்கீங்களே! எனக்கு முன்னாடி ஓட்டினவன் வரைஞ்சது அது. கோழி மாதிரி இருக்குன்னு திட்டுவேன்." சிரித்துக்கொண்டே லாரியைத் தூக்கினார். முன்பக்கம் பார்த்தார், அடியில் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார்.

விரல் தையலின் மேல் போய் நின்றது.

"இது படத்துல இல்லையே."

"இல்ல மாமா."

"யார் சொன்னா?"

"குழுவுல ஒருத்தங்க. பேர் தெரியாது. அண்ணன் கல்லெறிஞ்சாராம். விளக்கு உடைஞ்சது அதனாலதான்னு சொன்னாங்க."

மாமனார் லாரியை மெதுவாகக் கீழே வைத்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அவர் உட்காரவில்லை.

"வளைவுல ஒண்ணு விழுந்துச்சு," என்றார். "பக்கக் கண்ணாடியில பார்த்தேன். சின்னது. எழுந்திருச்சு ஓடுச்சு. நான் நிறுத்தல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "பொழைச்சுக்கிச்சா?"

"மாமா, அந்த வண்டியில என்ன ஏத்தினீங்க?"

"ரொட்டி."

"ரொட்டி அவ்வளவு கனக்காது மாமா."

"எனக்குத் தெரியாதா? முதல் மேட்டுலயே தெரிஞ்சுபோச்சு." அவர் குரல் உயரவே இல்லை. "ரொட்டின்னு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. நான் சீட்டைப் படிச்சேன். பின்னாடி திரும்பிப் பார்க்கச் சொல்லி யாரும் எழுதல."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பதினாறு வருஷமாக 'மாப்பிள்ள, வாங்க, போங்க' என்று மரியாதை குறையாமல் பேசியவர்.

"இதப் பிரிச்சுடு. படத்தைக் கொளுத்திடு. அந்த ஆளுக்குப் பதில் போடாதே. என் பொண்ணு என்னை நம்பித்தான் வளர்ந்தா. அவ காதுல இது விழுந்துச்சுன்னா நான் போய்ச் சேர்ந்துடுவேன். ஆனா அதுக்கு முன்னாடி, இந்த வீட்ல உனக்கு ஒரு நாள்கூட இடம் இருக்காது. யார் கொண்டு வந்ததுன்னு அவ கேட்பா இல்ல? நாப்பத்தொரு வருஷமா நான் மூடி வச்சிருந்தேன். நீதான் தைச்சுக் காட்டினே."

பல்பை மறந்துவிட்டே போனார்.

அவன் லாரியைக் கையில் எடுத்தான். வெட்டுக்கத்தியையும் எடுத்தான். படுதாவின் ஓரத்தில் கத்தியை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டு மூடினான். வெள்ளிக்கிழமை மூன்று செட் கெடு. லேபில் மாட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பெட்டி காலியாக இருந்தது.

"உங்களுக்கு மறந்தே போச்சுல்ல?" மனைவி முகமெல்லாம் சிரிப்பு. "கண்காட்சிக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணுமாம். நான் அரை நாள் லீவு போட்டுட்டு நானே கொண்டு போய்க் கொடுத்துட்டேன். அந்த ரிவெட் அண்ணன் கையில வாங்கினவரு கீழ வைக்கவே மாட்டேங்கிறாரு! கார்டுல 'போர்க்கால ரொட்டி லாரி'ன்னு எழுதிக் கொடுத்தேன். அப்பா பேரு போடல. நாளைக்கு அவரையே கூட்டிட்டு வந்து பக்கத்துல நிறுத்திப் படம் எடுத்துடுவோம். எப்படி?"

"மாமா வர மாட்டாரு. உடம்பு முடியலன்னு..."

"வர மாட்டேன்னுதான் சொன்னாரு. விடுவேனா? லாரின்னு சொல்லல. உங்க மாப்பிள்ளையோட விமானம் ஒண்ணு போட்டியில இருக்குன்னு சொன்னேன். சரின்னுட்டாரு. ஏன், ஒரு மாதிரி இருக்கீங்க? காய்ச்சல் விடலையா?"

அவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்தான். ஏழாம் தெருவிடமிருந்து புதிய செய்தி.

'நாளைக்குக் கண்காட்சின்னு குழுவுல பார்த்தேன். வர்றேன். பக்கத்துல நின்னு ஒரு தடவ பார்க்கணும்.'

அரங்கம் பத்து மணிக்குத்தான் திறக்கும். பத்து மணிக்கு முதல் ஆளாகப் போய் லாரியை எடுத்து வந்துவிடுவது, கை தவறி உடைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவது. வேறு வழி தெரியவில்லை. மனைவியும் மாமனாரும் பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு.

பஸ் தாமதித்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். நீளமான மேஜைகளில் வெள்ளைக் காகிதம் விரித்து வரிசையாக விமானங்கள், பீரங்கிகள், உடைந்த பாலத்தின் மேல் நிற்கிற டாங்கிகள். யாரோ ஒலிபெருக்கியைத் தட்டி ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மேஜைக்கு முன்னால் ஒரு பெண்மணி குனிந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். தப்பித்தவறித் தொட்டுவிடக் கூடாது என்பது போல.

"நீங்கதானே செஞ்சது?" நிமிராமலே கேட்டார்.

"ஆமா."

"ஏழு தையல் போட்டிருக்கீங்க. ஒம்பது இருந்துச்சு. நான் எண்ணிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்பதான் ஒம்பது வயசு, அதனால மறக்கல." ஏதோ கடைச் சாமான் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "அதுல மூணை எங்கம்மா பல்லாலயே கடிச்சுப் பிரிச்சாங்க. தலை போற அளவு வந்ததும், வளைவுல வண்டி மெதுவாச்சு. தள்ளி விட்டுட்டாங்க. எங்க தெருவுல இருபத்து மூணு பேரு உள்ள இருந்தாங்க சார். நான் இருபத்து நாலாவது."

அவன் லாரியின் தையலைப் பார்த்தான்.

"பம்ப் ஹவுஸ் வளைவு வரைக்கும் எனக்குத் தெரியும். அங்கிருந்து பாதை மூணாப் பிரியுது. ஒண்ணு ஆத்துக்கு, ஒண்ணு காட்டுக்கு, நடுவுல ஒண்ணு. நான் புதருக்குள்ள கவுந்து கிடந்தேன். வண்டி எதுல போச்சுன்னு பார்க்கல. மூணு பாதையும் சேர்த்தா அறுபது கிலோமீட்டரு. எங்கன்னு தோண்டுறது? பாதையச் சொல்லு, ஆளுங்கள அனுப்புறோம்னு காணாமப் போனவங்களத் தேடுற கமிஷன்ல சொல்லிட்டாங்க." இப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். "அந்தக் கால் யாரோடது சார்?"

"படம்... பழைய சாமான் கடையில வாங்கினது. யாருன்னு தெரியாது."

"எந்தக் கடை?"

"மூடிட்டாங்க."

"சரி சார்," என்றார் அந்தப் பெண்மணி. கோபம் இல்லை. இதே பதிலை வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக் கேட்டுப் பழகியவர் சொல்கிற 'சரி' அது. குடையை எடுத்துக்கொண்டார். "தையல் நல்லா இருக்கு," என்றார். இரண்டு அடி நடந்தும்விட்டார்.

"என்னங்க!"

வாசலிலிருந்து மனைவியின் குரல். மணி பத்தரைகூட ஆகவில்லை. அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். "இவரு அப்புறம் மனசு மாறிடுவாருன்னு சீக்கிரமே கிளப்பிட்டேன். எங்க, எங்க... அப்பா, கண்ண மூடுங்க! இப்பத் திறங்க!"

மாமனார் லாரியைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவன் சாகிறவரை மறக்கப் போவதில்லை.

மனைவிக்குச் சந்தோஷத்தில் ஆள் அடையாளமெல்லாம் தேவைப்படவில்லை. பக்கத்தில் குடையோடு நின்றவரின் தோளைத் தொட்டாள். "அக்கா, நீங்களும் இதைத்தான் பார்த்துட்டிருந்தீங்களா? இது எங்கப்பா ஓட்டின வண்டி! நிஜ வண்டி! இவர்தான் அப்பா. நம்பர் பலகைகிட்ட ஒரு கால் வச்சு நிப்பாரு பாருங்க, அந்தப் போட்டோவ வச்சுத்தான் இவரு செஞ்சாரு."

பெண்மணி மெதுவாகத் திரும்பினார். பல்செட்டுக்காரனை ஒரு கணம் பார்த்தார். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிறகு மாமனார் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, பம்ப் ஹவுஸ் வளைவு தாண்டி எந்தப் பாதையில போனீங்க?"

"எதும்மா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. வயசாச்சு."

"அப்பாவுக்கா ஞாபகம் இல்ல?" மனைவி சிரித்தாள். "எந்த மேட்டுல எந்த கியர் போட்டாருன்னு தூக்கத்துலகூடச் சொல்வாரு அக்கா."

"இல்லம்மா. மறந்துபோச்சு. வா, தலை சுத்துது, வீட்டுக்குப் போலாம்."

இப்போது எல்லாம் பல்செட்டுக்காரன் கையில் இருந்தது. ஒரு வார்த்தை பேச்சை மாற்றினால் போதும். ஆட்டோ கூப்பிட்டு மாமனாரை ஏற்றிவிட்டால் அவள் அப்பா அவளுக்கு, அவன் வீடு அவனுக்கு. அந்தப் பெண்மணி தன் 'சரி'யைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அறுபது கிலோமீட்டர் அப்படியே கிடக்கும்.

"மாமா," என்றான். அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போல் கேட்டது. "ரிவெட் அண்ணன் ஒண்ணு சொல்றாரு. இந்த வண்டி ஏத்தத்துல ரிவர்ஸ் எடுக்கவே எடுக்காதாமே? கியரே விழாதாமே?"

மாமனார் முகத்தில் ரத்தம் திரும்பியது. மாப்பிள்ளை கை கொடுக்கிறான் என்றுதான் அவர் நினைத்தார். பிடித்துக்கொண்டார்.

"எவன் சொன்னான்? ஓட்டத் தெரியாதவன் பேச்சு அது. ரெண்டு தடவ கிளட்ச் மிதிக்கணும். நடுவுல ஒரு மூச்சு விடணும். அப்புறம் போட்டா வெண்ணெய் மாதிரி விழும்."

"சின்ன மேட்டுல விழும். பெரிய ஏத்தத்துல?"

"பெரிய ஏத்தமா? சூளைப் பள்ளத்த விடவா பெரிய ஏத்தம்? நடுப்பாதையில ரெண்டாவது மைல்ல இடது பக்கம் இறங்கும், பழைய செங்கல் சூளை. உள்ள போயிட்டா வண்டி திருப்ப இடமே கிடையாது. மழை வேற பெஞ்சு களிமண்ணு வழுக்குது. பின்னாடி பாரம் இல்ல, காலி வண்டி, சக்கரம் பிடிக்கல. ரிவர்ஸ்லயே முழு ஏத்தத்தையும்..."

நின்றுவிட்டார்.

ஒலிபெருக்கியில் யாரோ விமானப் பிரிவின் முடிவுகளை வாசிக்க ஆரம்பித்தார்கள். பெண்மணியின் உதடு மட்டும் அசைந்தது. நடுப்பாதை. ரெண்டாவது மைல். இடது பக்கம். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், வழியில் தொலைந்துவிடாமல் இருக்க.

"செங்கல் சூளையிலயா?" மனைவி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உதடு மட்டும். "அங்க யாருக்குப்பா ரொட்டி?"

மாமனார் வாசல் பக்கம் பார்த்தார்.

"போகும்போதுதானே ரொட்டி. வரும்போது காலித் தட்டு இருக்குமே. காலி வண்டின்னா... அங்க எதை இறக்கினீங்க?"

"வாம்மா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்." அவர் மகளின் தோளில் கை வைத்தார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நகர்ந்துகொண்டாள். கணவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான்.

"எப்பலேருந்து?"

"வியாழக்கிழமை."

அவள் தலையை ஆட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள இனி நிறைய நாள் இருக்கும். அவள் சுவரோரம் மடித்து வைத்திருந்த இரும்பு நாற்காலிகளில் இரண்டை எடுத்து வந்தாள். ஒன்றைப் பெண்மணிக்கு விரித்துப் போட்டு, "உட்காருங்கக்கா," என்றாள். இன்னொன்றை அப்பாவுக்கு எதிரே போட்டாள்.

"நீங்களும் உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க. யார் யாரு ஏறினாங்க?"

மாமனார் உட்கார்ந்தார். கைகளை முட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தண்ணி," என்றார்.

மூன்று பேரில் ஒருவரும் நகரவில்லை.